முப்பது பங்கு நார்

நிபோங் திபாலில் மழை விட்ட பிற்பகல்.
ஆலை லாரி ஒன்று
செம்பனைக் காலிக்குலைகளைக்
கொட்டகை வாசலில் கவிழ்த்துவிட்டுப் போகிறது.
எண்ணெயைப் பிழிந்துகொண்டு
உலகம் கைகழுவிய முள்தலைகள்.
இன்னும் ஆவி பறக்கிறது.

கழுவுகிறோம், கார நீரில் ஊறப்போடுகிறோம்,
கிழித்து, அரைத்து, சலிக்கிறோம்.
சுஹைலாவின் முக்காட்டில்
என் புருவத்தில்
பூன் செங்கின் கோப்பிக் குவளையில்
நார்த்தூள்.

நாருக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை.
ஞெகிழிக்கோ தண்ணீர் என்றாலே ஆகாது.
இரண்டையும் ஒரே உருளைக்குள் தள்ளி
நூற்று எழுபது பாகைச் சூட்டில்
ஒற்றுமையாய் இருங்கள் என்றால் எப்படி?
நடுவே ஒரு பொடி தூவுகிறோம்,
ஒரு கையால் நாரையும்
மறு கையால் ஞெகிழியையும் பிடித்துக்கொள்ள.
கல்யாணத் தரகர் என்பான் பூன் செங்.
நூற்றுக்கு மூன்று பங்கு.
தரகு அதிகமில்லை.

பிறகு நுரைப்பான்.
சூடேறி உடைந்து காற்றாய்ப் பிரிந்து
உருகிய கூழுக்குள்
லட்சம் சிற்றறைகள் கட்டும்.
கட்ட வேண்டும்.
கட்டவில்லை.

பதினேழு தட்டுகள்.
நடுவில் அமுங்கி, ஓரம் வெடித்து,
இரவுச் சந்தையில் விலைபோகாத
அப்பம் பாலிக் போல.
நாரை விடிய விடியச் சூளையில் காயவைத்தும்
ஏன் என்று தெரியாமல்
இரண்டு வாரம் ஒருவரை ஒருவர் முறைத்தோம்.

கடைசியில் பார்த்தால்
எடை போடுவதற்காக நான்
மேசை மேல் திறந்து வைத்த பன்னிரண்டு நிமிடம்.
தராசின் கடைசி இலக்கம்
என் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது.
இந்த ஊர்க் காற்றைக்
குடித்துக்கொண்டிருந்தது நார்.
அந்தத் துளி ஈரம்தான் உருளைக்குள் ஆவியாகி
அறைச்சுவர்களைக் குத்திக்கொண்டு
வெளியே ஓடியிருக்கிறது.

சூளையிலிருந்து நேரே, சூடு ஆறாமல், கை சுடச் சுடக் கொட்டினோம்.
பதினெட்டாவது தட்டு எழுந்தது.
உள்ளங்கையில் வைத்தால்
உள்ளங்கையின் எடைதான் தெரிந்தது.
அறுத்து நுண்ணோக்கியில் வைத்தேன்:
வட்ட வட்டமாய் வெறுமை,
குறுக்கே உத்தரம் போட்டது போல் நார்.
சுஹைலா கண்ணைத் துடைத்தாள்.
தூசி, மாதங்கி, என்றாள்.

மேடம் யோங் கோலாலம்பூரிலிருந்து வந்தார்.
கப்பலேறும் டுரியான்களுக்கு மெத்தை வேண்டுமாம்.
முள்ளுக்கு மெத்தை!
அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்,
பெட்டி மேல் ஒரு பச்சை இலை வரையுங்கள்,
கீழே "முழுதும் மண்ணில் மக்கும்" என்று போடுங்கள் என்றார்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டு மாடத்தில்
பாண்டான் தொட்டிக்குள்
பழைய துண்டொன்றைப் புதைத்திருந்தேன்,
பதினான்கு மாதம் முன்னால்.
அன்றிரவு கரண்டியால் தோண்டினேன்.
மேற்புறத்து நார் போய்விட்டிருந்தது.
நார் இருந்த இடமெல்லாம்
நாரின் வடிவில் துளை.
ஞெகிழி மட்டும்
ஒரு நாள்கூட மூப்படையாமல்
குடியிருந்தவர்கள் காலி செய்துபோன
அடுக்குமாடி போல் நின்றது.
துளைகளில் ஒன்றுக்குள் பாண்டான் வேர்
நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது.
இழுத்துப் பார்த்தேன். வேர் அறுந்துவிடும்போல் இருந்தது.
அப்படியே மண்ணை மூடினேன்.

காலையில் தட்டச்சு செய்த வாசகம்:
செம்பனை நார் முப்பது பங்கு.
பழைய பால் கலன்களை உருக்கிய ஞெகிழி அறுபத்தேழு.
இணைப்பான் மூன்று.
நார் மக்கும். ஞெகிழி மக்காது.
திருப்பிக் கொடுத்தால் மறுபடி உருக்குவோம்.

இவ்வளவு எழுதினால் இலைக்கு இடமிருக்காதே
என்றார் தொலைபேசியில் மேடம் யோங்.
இருக்காதுதான் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பாதிக்குத்தான் ஆர்டர் வந்தது.

அடுத்த மாதம்
சோளத்திலிருந்து செய்த ஞெகிழி மூட்டைகள் வருகின்றன.
அது மக்குமாம், சரியான சூடு கிடைத்தால்.
விலையைப் பூன் செங் ஒரு தாளில் எழுதி
மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறான்.
யாரும் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.

வாசலில் லாரி பின்னால் வரும் சத்தம்.
சூளையின் கதவை யாராவது சாத்துங்கள்.
காற்று வருகிறது.